கிரேக்கத் தீவுக் கப்பல்கள்: மேல்தளச் சீட்டே போதும்

கிரேக்கத்துக்கு முதுகுப்பையுடன் போகும் மாணவர்கள் எங்கே தங்கலாம், எங்கே மலிவாகச் சாப்பிடலாம் என்று எழுதுவதற்கு ஏராளமானோர் இருக்கிறார்கள். அந்தப் பயணத்தின் பணத்திலும் நேரத்திலும் பெரும்பங்கை விழுங்கும் கப்பல் சேவையைப் பற்றி, அதன் நிறைகுறைகளைப் பிரித்துச் சொல்பவர்கள்தான் குறைவு. 2025 ஏப்ரலில், பிரிட்டனில் முதுகலை படிக்கும் நாங்கள் நான்கு நண்பர்கள் ஈஸ்டர் விடுமுறையில் அங்கே போய், மூன்று வகைக் கப்பல்களில் ஆறு முறை கடல் கடந்தோம். தங்கிய ஹாஸ்டல்களில் இரண்டின் பெயர்கூட இப்போது எனக்கு நினைவில்லை. கப்பல்களோ ஒவ்வொன்றும் தனித்தனியாக நினைவில் நிற்கின்றன. என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மெதுவாகப் போகும் பெரிய கப்பலில் மிகக் குறைந்த கட்டணச் சீட்டை எடுப்பவர் எதையும் இழப்பதில்லை, அதிவேகக் கப்பலுக்குக் கூடுதலாகப் பணம் கொடுப்பவர்தான் இழக்கிறார்.

ஏஜியன் கடலில் ஓடும் பயணிகள் கப்பல்களை ஒரு புதியவர் இரண்டாகப் பிரித்துக்கொண்டால் போதும். கார், லாரி, பேருந்து எல்லாவற்றையும் வயிற்றில் ஏற்றிக்கொண்டு ஐந்தாறு அடுக்குகளாக நகரும் வழக்கமான கப்பல்கள் ஒரு வகை. ப்ளூ ஸ்டார் நிறுவனத்தின் நீல வெள்ளைக் கப்பல்கள் இவற்றில் அதிகம் கண்ணில் படுபவை. மற்றது, விமானத்தைப் போல எண்ணிட்ட இருக்கைகளில் பயணிகளை அமர்த்திக் கதவை மூடிக்கொண்டு பறக்கும் அதிவேகக் கப்பல்கள். ஏதென்ஸை ஒட்டிய பிரேயஸ் துறைமுகத்திலிருந்து சாண்டோரினித் தீவுக்கு முதல் வகையில் ஏறத்தாழ எட்டு மணி நேரமும் இரண்டாவதில் ஐந்து மணி நேரமும் ஆகும். அந்த மூன்று மணி நேரத்தை மிச்சப்படுத்துவதற்குக் கட்டணத்தில் பெரிய வித்தியாசம் கொடுக்க வேண்டியிருக்கிறது. நாங்கள் நாக்சோஸ் தீவுக்கு ஆளுக்கு நாற்பது யூரோவை ஒட்டிக் கொடுத்து எடுத்தது, இருக்கை எண் இல்லாத சாதாரணச் சீட்டு. மேல்தளத்திலோ உள்ளே இருக்கும் பொதுக்கூடத்திலோ இடம் கிடைத்த இடத்தில் உட்கார்ந்துகொள்ளலாம். சில யூரோக்கள் கூட்டிக் கொடுத்தால் எண்ணிட்ட இருக்கை உண்டு. பகல் பயணத்துக்கு அது தேவையே இல்லை.

சீட்டு எடுக்கும்போது தமிழ்ப் பெயருடையவர்கள் ஒரு சிக்கலைச் சந்திப்பார்கள். இணையப் படிவம் குடும்பப் பெயர் இல்லாமல் நகராது. நம்மில் பலருக்கு அப்படி ஒன்று கிடையாது. பாஸ்போர்ட்டில் அப்பாவின் பெயர் அந்தக் கட்டத்தில் ஏறியிருக்கும், அல்லது அந்தக் கட்டமே காலியாக இருக்கும். எங்களில் ஒருவனுக்குக் காலியாகவே இருந்ததால், தன் பெயரையே இரண்டு முறை எழுதினான். கப்பல் வாயிலில் சீட்டைப் பார்த்த சிப்பந்தி அந்த இரட்டைப் பெயரை ஒருமுறை வாய்விட்டுப் படித்து, தலையை ஆட்டி உள்ளே அனுப்பினார். பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துகளோடு பொருந்தியிருந்தால் போதும். முதலெழுத்தை மட்டும் போட்டுச் சமாளிக்க வேண்டாம். எனக்கு அப்பாவின் பெயர்தான் குடும்பப் பெயர். அது என்னை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

எங்கள் முதல் சீட்டு ஏப்ரல் 9ஆம் தேதிக்கு. அன்று ஊதியத்தையும் விலைவாசியையும் முன்வைத்துக் கிரேக்கத் தொழிற்சங்கங்கள் 24 மணி நேரப் பொது வேலைநிறுத்தம் அறிவித்திருந்தன. கப்பல்கள் எல்லாம் கரையில் கட்டிக் கிடந்தன. இந்த நாட்டில் கப்பலில் போகத் திட்டமிடுபவர்கள் இதை ஒரு விபத்தாகக் கருதாமல், மழைக்காலத்தில் மழை வருவதைப் போல எதிர்பார்த்திருக்க வேண்டும். வேலைநிறுத்தங்கள் பெரும்பாலும் சில நாட்களுக்கு முன்பே அறிவிக்கப்படுகின்றன; நாங்கள்தான் செய்தி பார்க்கவில்லை. கப்பல் நிறுவனம் கட்டணமில்லாமல் மறுநாளைக்கு மாற்றித் தந்தது. ஆனால் நாங்கள் சீட்டு வாங்கியது ஓர் இடைத்தரகு இணையதளத்தில். அவர்கள் தங்கள் சேவைக் கட்டணத்தை இரண்டாவது முறையும் பிடித்துக்கொண்டார்கள், இரண்டு மின்னஞ்சல்களுக்கும் பதில் வரவில்லை. அதற்குப் பிறகு எல்லாச் சீட்டுகளையும் கப்பல் நிறுவனத்திடமே, அல்லது ஒவ்வொரு தீவின் துறைமுகத்தெருவிலும் இருக்கும் முகவர் கடையில் வாங்கினோம். முகவர் கடைக்கு இன்னொரு நன்மையும் உண்டு: நாளைக்குக் காற்று எப்படி இருக்கும் என்பதை அவர்கள் சொல்லிவிடுவார்கள்.

பிரேயஸ் ஒரு துறைமுகம் என்று சொல்வதைவிட ஒரு சிறு நகரம் என்பதே பொருந்தும். இ1 முதல் இ12 வரை வாயில்கள். ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு முதுகுப்பையுடன் நடந்தால் கப்பல் போய்விடும். 2022 அக்டோபரிலிருந்து மெட்ரோவின் நீல நிறத் தடம் விமான நிலையத்திலிருந்து நேராகப் பிரேயஸ் வரை வருகிறது. வழியில் மாற வேண்டியதில்லை. நாக்சோஸ், சாண்டோரினி உள்ளிட்ட சைக்ளடீஸ் தீவுகளுக்கான கப்பல்கள் நிற்கும் வாயில்கள் நிலையத்துக்கு எதிரே நடந்து போகும் தூரத்தில் இருக்கின்றன. கிரீட்டுக்கும் ரோட்ஸ் பக்கத்துத் தீவுகளுக்கும் போகிறவர்கள்தான் எதிர்க்கோடிக்குப் போக வேண்டும். அதற்குத் துறைமுகத்துக்குள் இலவசப் பேருந்து ஓடுகிறது. இன்னொன்று: எல்லாக் கப்பல்களும் பிரேயஸிலிருந்து கிளம்புவதில்லை. ராஃபினா, லாவ்ரியோ என்று ஏதென்ஸைச் சுற்றி வேறு இரண்டு துறைமுகங்கள் உண்டு. சீட்டில் மலிவான விலையைக் கண்டு மகிழ்வதற்கு முன் எந்தத் துறைமுகம் என்று பார்த்துக்கொள்வது நல்லது.

காலை ஏழரை மணியளவில் கப்பல் நகர்ந்தபோது நாங்கள் மேல்தளத்தில் இடம் பிடித்துவிட்டோம். இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. அதை எங்களுக்குக் கற்றுத்தந்தவர், பக்கத்தில் ஒரு பெரிய அட்டைப்பெட்டியைக் கயிறு கட்டி வைத்துக்கொண்டிருந்த ஒரு மூதாட்டி. நாங்கள் முன்பக்கம் பார்த்து நல்ல காட்சியுள்ள இடத்தில் பைகளை வைத்தோம். அவர் கையை அசைத்துக் கூப்பிட்டு, புகைபோக்கிக்குப் பின்னால் இருந்த சுவரோரத்தைக் காட்டினார். துறைமுகத்தை விட்டு வெளியே வந்து கப்பல் வேகம் பிடித்த அரை மணி நேரத்தில் காரணம் புரிந்தது. முன்னே உட்கார்ந்திருந்த ஒவ்வொருவராக எழுந்து, தொப்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே ஓடினார்கள். நாங்களோ காற்று படாத அந்தச் சுவரில் முதுகைச் சாய்த்து, இரும்பின் இளஞ்சூடு பைக்குள் ஏற, பிரேயஸில் வாங்கிய எள்ளு ஒட்டிய கொலூரி வளையங்களைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தோம். குறை என்னவென்றால், அவ்வப்போது கரித்துகள் மிளகுத்தூளைப் போல ரொட்டியின் மேல் விழும். மூதாட்டி அதை ஊதிவிட்டுச் சாப்பிட்டார். நாங்களும் அப்படியே செய்தோம்.

கப்பலுக்குள் உணவு விலை அதிகம். காபிக்குக் கொடுத்ததில் கரையில் ஒருவேளை லேசாகச் சாப்பிட்டிருக்கலாம். ஆனால் அரை லிட்டர் தண்ணீர் அரை யூரோதான். கிரேக்கத்தில் அதன் விலைக்கு உச்சவரம்பு உண்டு. எனவே காபியை ஒன்று வாங்கி இருவர் பகிர்ந்துகொள்ளலாம், சாப்பாட்டைக் கரையிலிருந்து கட்டிக்கொண்டு போகலாம். எவரும் ஏன் என்று கேட்பதில்லை. ஊர்க்காரர்களே அப்படித்தான் வருகிறார்கள். ஈஸ்டர் நெருங்கிய வாரம் என்பதால் சிலர் கையில் நீண்ட மெழுகுவர்த்திகளும் இருந்தன.

இந்தக் கப்பல்கள் கரை சேரும் விதத்தை நேரில் பார்க்காதவருக்கு விளக்குவது கடினம். நிறுத்தம் வருவதற்குச் சற்று முன் ஒலிபெருக்கி கிரேக்கத்திலும் ஆங்கிலத்திலும் தீவின் பெயரைச் சொல்லி, இறங்குபவர்கள் கீழே வாருங்கள் என்கிறது. கீழே என்றால் வாகனங்கள் நிற்கும் தளம். லாரிகளுக்கும் கார்களுக்கும் நடுவே, எண்ணெய் வழுக்கும் இரும்புத் தரையில், டீசல் புகையில் நூற்றுக்கணக்கானோர் நெருக்கியடித்து நிற்கிறோம். சுவரோரமாக இரும்பு அலமாரிகள், ஒவ்வொன்றிலும் ஒரு தீவின் பெயர். ஏறும்போது உங்கள் பையை நீங்கள் இறங்கும் தீவின் அலமாரியில் வைத்திருக்க வேண்டும். திடீரென்று சங்கிலிகள் கடகடக்கின்றன, பின்சுவர் மேலிருந்து பிளந்து கீழே சாய்கிறது, இருட்டுக்குள் வெளிச்சம் வெள்ளமாகப் பாய்கிறது. கப்பல் இன்னும் பின்னோக்கி நகர்ந்துகொண்டுதான் இருக்கிறது. அந்தச் சாய்தளத்துக்குக் கிரேக்கத்தில் ‘கதபெல்திஸ்’ என்று பெயர்; பழங்காலப் போர்களில் கல்லெறிந்த பொறிக்கும் அதே சொல்தான். அது கரையைத் தொட்டதும் துறைமுகக் காவலர் விசில் ஊத, இறங்குபவர்களும் ஏறுபவர்களும் வாகனங்களும் ஒரே வாயில் வழியாக எதிரெதிரே பாய்கிறார்கள். பத்து நிமிடம் ஆவதற்குள் கப்பல் கிளம்பிவிடுகிறது.

இதை ரசித்தேன் என்றாலும் ஒரு குறையாகவே பதிவு செய்கிறேன். 2023 செப்டம்பரில் பிரேயஸில், கடைசி நொடியில் ஏற ஓடி வந்த ஒருவர் இதே போன்றதொரு சாய்தளத்திலிருந்து தள்ளப்பட்டு, கடலில் விழுந்து இறந்தார். அதை அறிந்தவர் எவரும் சங்கிலிகள் அசையும்போது அதன் அருகே ஓட மாட்டார். அரை மணி நேரம் முன்பே போய்விடுங்கள். ஏறும்போதும் இறங்கும்போதும் காதில் பாட்டுக் கருவி வேண்டாம்.

பரோஸ் தீவின் விரிகுடாவை நெருங்கும்போது மூதாட்டி சிலுவைக் குறியிட்டுக்கொண்டார். கடலில் இரண்டு பாறைகள் துருத்திக்கொண்டு நின்றன. 2000 செப்டம்பர் 26 இரவு, எக்ஸ்பிரஸ் சமீனா என்ற பயணிகள் கப்பல் மோதி மூழ்கியது இங்கேதான். எண்பது பேருக்கு மேல் இறந்தார்கள். அதற்கும் முன்பு, 1966 டிசம்பர் 8 அன்று, கிரீட்டிலிருந்து பிரேயஸுக்குப் புயலில் கிளம்பிய ஹெராக்லியன் என்ற கப்பல், வாகனத் தளத்தில் இருந்த ஒரு லாரி கட்டவிழ்ந்து பக்கக் கதவை உடைத்ததால் கவிழ்ந்து, இருநூறு பேருக்கு மேல் மாண்டார்கள். கிரீட் மக்கள் அந்த ஆத்திரத்தில் ஊர் ஊராகப் பங்கு சேர்த்து, மறு ஆண்டே தங்களுக்கென்று ‘ஆனெக்’ என்ற கப்பல் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். இந்த வரலாற்றைத் தெரிந்துகொண்ட பிறகு ‘அபகொரெஃப்திகோ’ என்ற சொல்லின் மீது எனக்கு எரிச்சல் வரவில்லை. காற்று குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டினால் துறைமுக அதிகாரிகள் விதிக்கும் தடை அது. போஃபோர்ட் என்ற காற்று அளவுகோலில் ஏறத்தாழ எட்டைத் தொடும்போது பெரிய கப்பல்களுக்கு வரும், அதிவேகக் கப்பல்களுக்கு அதற்கும் முன்பே வந்துவிடும். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் வடக்கிலிருந்து வீசும் ‘மெல்தெமி’ காற்றுக்காலத்தில் இது சாதாரணம். ஆகவே, திரும்பும் விமானத்துக்கு முந்தைய இரவாவது ஏதென்ஸில் இருக்கும்படி திட்டமிட வேண்டும்.

இப்போது நான் உண்மையிலேயே எழுத விரும்பிய கப்பலுக்கு வருகிறேன். நாக்சோஸ் துறைமுகத்தில், ஆறாம் நூற்றாண்டில், அதாவது கிறிஸ்துவுக்கு முன், கட்டத் தொடங்கி முடிக்காமலே விட்ட அப்பல்லோ கோயிலின் பளிங்கு வாசல் மட்டும் கடலைப் பார்த்துத் தனியாக நிற்கிறது. அதன் எதிரே, பெரிய கப்பல்களுக்கு நடுவே குட்டியைப் போல நின்றிருந்தது எக்ஸ்பிரஸ் ஸ்கோபெலிதிஸ். 1986இல் கட்டப்பட்டது. இராக்லியா, ஸ்கினூசா, கூஃபோனிசி, தொனூசா என்ற சின்னத் தீவுகளையும் அவற்றுக்கு அப்பால் இருக்கும் அமோர்கோஸையும் நாக்சோஸோடு தைத்து வைத்திருப்பது இதுதான். லாபம் தராத இத்தகைய வழித்தடங்களைக் கிரேக்கர்கள் ‘ஆகொனி கிரமி’, அதாவது மலட்டுத் தடம் என்கிறார்கள்; நட்டத்தை அரசு ஈடுகட்டுகிறது. எனவே கட்டணமும் பெரிய கப்பலோடு ஒப்பிட்டால் கொஞ்சம்தான். கோடைக்கு வெளியே எல்லா நாளும் ஓடும் என்று நம்பி வரக் கூடாது. அட்டவணையைத் துறைமுகத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஏறுவதற்கு வரிசையில் நின்றபோது எங்களுக்கு முன்னே ஏறியவை: தக்காளிப் பெட்டிகள், ஒரு சலவை இயந்திரம், மருந்துக்கடைப் பொட்டலங்கள், ரோஜாச் செடிகள் இரண்டு, பள்ளிக்கூடப் பைகளுடன் நான்கு பிள்ளைகள். சரக்குக்குச் சீட்டு ஒட்டுவதில்லை. ஒவ்வொரு பெட்டியின் மேலும் தடித்த மையில் தீவின் பெயரும் ஆளின் பெயரும் எழுதியிருந்தது. இராக்லியாவில் கப்பல் ஓரிரு நிமிடங்களே நின்றது. ஒரு மாலுமி கயிற்றை வீசினார், கரையில் நின்ற தபால்காரர் போன்ற ஒருவர் அதைப் பிடித்துக் கம்பத்தில் மாட்டினார், சலவை இயந்திரத்தை மூன்று பேர் தூக்கி ஒரு டிராக்டரில் வைத்தார்கள், அதே ஆள் கயிற்றைக் கழற்றிவிட்டார். எவரும் எவரிடமும் எதையும் கேட்கவில்லை. இந்தச் சேவைக்கு மதிப்பெண் கொடுக்க நமக்கு என்ன தகுதி இருக்கிறது என்று அந்த நிமிடத்தில் தோன்றியது.

ஆட்டத்தைப் பற்றி எச்சரிக்காமல் விட்டால் நான் நேர்மையானவன் ஆக மாட்டேன். கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறைக்குப் போகும் படகைத் தவிர வேறு கடல் அனுபவம் இல்லாத நான், ஸ்கினூசாவைத் தாண்டியதும் பின்தளத்துத் தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். கப்பல் பக்கவாட்டில் சாயும்போது ஒரு பக்கம் வானம் மட்டுமே தெரிந்தது, அடுத்த நொடி தண்ணீர் மட்டுமே தெரிந்தது. பள்ளிப் பிள்ளைகள் சீட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள். மாலுமி ஒருவர் எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு, காலி வயிற்றோடு இருக்காதீர்கள் என்று சைகை காட்டி உலர்ந்த ரொட்டித்துண்டுகளைக் கொடுத்தார். தொடுவானத்தைப் பார்க்கச் சொன்னார். இரண்டும் வேலை செய்தன. சித்திரை முதல் நாளன்று கூஃபோனிசியிலிருந்து அமோர்கோஸுக்கு அதே கப்பலில் போனபோது, முன்கூட்டியே ரொட்டியும் எலுமிச்சையும் வாங்கி வைத்திருந்தோம். கடலோ அன்று குளத்தைப் போலக் கிடந்தது. அமோர்கோஸில் செங்குத்தான பாறையோடு ஒட்டிய வெள்ளைப் பலகையைப் போலத் தெரியும் பதினோராம் நூற்றாண்டு மடாலயத்துக்கு ஏறினோம், விருந்தினர்களுக்குக் கொடுக்கும் லுகூமி இனிப்பைத் தின்றோம், இறங்கினோம். மறுநாள் மறுபடியும் ஸ்கோபெலிதிஸ். விடிவதற்கு முன்பே கதாபோலா துறையில் இயந்திரம் உறுமத் தொடங்கிவிடுகிறது, அதனால் எழுப்பும் மணி வைக்கத் தேவையில்லை.

நாக்சோஸிலிருந்து சாண்டோரினிக்கு மட்டும், நேரம் கருதி, ஓர் அதிவேகக் கப்பலில் ஏறினோம். பெயரைச் சொல்லவில்லை, நான் சொல்லும் குறைகள் பெரும்பாலும் அந்த வகைக்கே உரியவை. வெளித்தளம் கிடையாது. சன்னல்களில் உப்பு படிந்து உறைந்திருந்ததால் கடல் ஒரு சாம்பல் நிறக் கறையாகத் தெரிந்தது. அலையின் முகட்டில் ஏறி விழுவதை ஒவ்வொரு முறையும் வயிறு எண்ணியது. சிப்பந்திகள் காகிதப் பைகளை விநியோகித்துக்கொண்டே இருந்தார்கள், நாற்றம் போக வழியில்லை. அரை மணி நேரம் தாமதமாகக் கிளம்பியதால் மிச்சப்பட்ட நேரமும் மிச்சப்படவில்லை. நாங்கள் ஸ்கோபெலிதிஸில் பட்டதைவிட இது குறைவான ஆட்டம்தான். ஆனால் அங்கே காற்று இருந்தது, தொடுவானம் இருந்தது.

சாண்டோரினியில் கப்பல்கள் அத்தினியோஸ் என்ற துறையில் நிற்கின்றன. எரிமலை வெடித்துக் குழிந்த பெரும் வட்டத்தின் உட்சுவரின் காலடியில் இருக்கிறது அது. மேலே ஊருக்குப் போகக் கொண்டை ஊசி வளைவுகள் ஒன்றன் மேல் ஒன்றாக ஏறுகின்றன. கப்பலுக்காகக் காத்திருக்கும் பொதுப் பேருந்தை விட்டுவிட்டால் டாக்சிக்குக் கேட்ட பணத்தைக் கொடுக்க வேண்டியதுதான், ஆகவே இறங்கியவுடன் புகைப்படம் எடுக்க நிற்காதீர்கள். அந்த ஆண்டு ஜனவரி இறுதியிலிருந்து வாரக்கணக்கில் நிலம் நடுங்கிக்கொண்டிருந்ததால், பிப்ரவரியில் பத்தாயிரம் பேருக்கு மேல் தீவை விட்டு வெளியேறியிருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோரை இரவோடு இரவாக ஏதென்ஸுக்குக் கொண்டுசேர்த்தவை இதே மெதுவான கப்பல்கள்தான். நாங்கள் போனபோது அமைதி திரும்பியிருந்தது. பேருந்தில் எங்கள் பக்கத்தில் உட்கார்ந்த ஒரு சமையல்காரர், வேலைக்குத் திரும்பி இரண்டு வாரம்தான் ஆகிறது என்றார்.

திரும்பும் பயணம் மறுபடியும் பெரிய கப்பலில். அதன் குறைகளையும் சொல்லிவிட வேண்டும். ஐந்தாவது மணி நேரத்துக்குப் பிறகு கழிப்பறைகளின் தரையில் தண்ணீர் நின்றது. உள்கூடத்தில் குளிர்சாதனம் ஏப்ரலிலும் நடுங்கவைத்தது; நள்ளிரவில் கரை சேரும் பயணமாக இருந்தால் ஒரு போர்வையோ மெல்லிய தூக்கப்பையோ கட்டாயம். மின்னேற்றும் துளைகள் குறைவு, அவற்றைச் சுற்றியே ஆட்கள் குடித்தனம் நடத்துகிறார்கள். பணம் கட்டி வாங்கிய இணையம் கரை கண்ணுக்குத் தெரியும்போது மட்டும் வேலை செய்தது. இவை எல்லாவற்றையும் கூட்டினாலும், புகைபோக்கிக்குப் பின்னால் கிடைக்கும் அந்த இடத்துக்கு நான் ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். ஸ்கோபெலிதிஸுக்கு ஐந்து. அதிவேகத்துக்கு இரண்டு.

மாலை வெளிச்சம் மங்கியபோது நான் காபி வாங்கிய இடத்தில் என் கல்லூரி அடையாள அட்டையை விட்டுவிட்டு மேலே வந்திருந்தேன், எனக்கே தெரியாது. ஒலிபெருக்கி கரகரத்தது, கிரேக்கத்தில் ஏதோ சொன்னது, பிறகு ஆங்கிலத்தில், திரு. இன்னார் உடனே வரவேற்பறைக்கு வரவும் என்றது. என் அப்பாவின் பெயர். ஊரில் வயலுக்கும் கூட்டுறவு வங்கிக்கும் தவிர எங்கும் போகாத, கப்பலில் கால் வைத்தறியாத மனிதரின் பெயர் ஏஜியன் கடல் முழுதும் கேட்கும்படி மூன்று முறை ஒலித்தது. நண்பர்கள் சிரித்துப் புரண்டார்கள். பிரேயஸில் இறங்கியதும் வீட்டுக்குத் தொலைபேசியில் அழைத்துச் சொன்னேன். அப்பா சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “சரியா உச்சரிச்சாங்களா?” என்று கேட்டார்.